நான்கு மணி நேரம் என்ற ஓர் எண்ணுக்காக உடலை வதைக்க வேண்டுமா?

அகல்விளக்கு:
என் கணவருக்கு 44 வயது. ஏழு ஆண்டுகளாக மராத்தான் ஓடுகிறார். சென்ற முறை 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் கணுக்காலுக்கு மேலே வலி தொடங்கியிருக்கிறது. நிற்கவில்லை. எப்படியாவது நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி, 3 மணி 58 நிமிடத்தில் முடிவுக் கோட்டைத் தொட்டார். எலும்பில் விரிசல். இரண்டு மாதம் ஊன்றுகோலுடன் நடந்தார். இப்போது அடுத்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார்.

4 மணி 2 நிமிடம் ஆகியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? ஆரோக்கியத்துக்காக என்று யாரும் சொல்லாதீர்கள். அதற்குத் தினமும் ஐந்து கிலோமீட்டர் போதும். இது வீண் பெருமை, அல்லது போதை. வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

நெடுவழி:
பதினொரு மராத்தான் ஓடியவள் என்ற முறையில் மறுக்கிறேன். ஏறக்குறைய ஒரு கோடி ஓட்ட நேரங்களை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள், 2017இல் வெளிவந்தது. 3 மணி, 3.30, 4 மணி ஆகியவற்றுக்குச் சற்று முன்னால் முடித்தவர்கள் குவிந்திருக்கிறார்கள். அந்த நிமிடத்தைத் தாண்டியதும் எண்ணிக்கை சட்டென்று சரிகிறது. இனி முடியாது என்று தளர்ந்தவர்கள்கூட, எண் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தால் கடைசி இரண்டு கிலோமீட்டரில் எங்கிருந்தோ வேகத்தைக் கொண்டுவருகிறார்கள். கால்களில் மிச்சம் இருந்தது. அதைச் செலவழிக்க மனத்துக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

எண் செயற்கையானதுதான். மராத்தானின் தூரமும் செயற்கையானதே. 1896இல் ஏதென்ஸில் ஓடியது சுமார் 40 கிலோமீட்டர். 42.195 என்பது 1908 லண்டன் ஒலிம்பிக்கில் அமைந்த தூரம்; 1921இல்தான் அதையே நிலையாக்கினார்கள். மனிதர் வகுத்த எல்லை என்பதால் அதற்காக உழைப்பது பொய்யாகிவிடுமா?

அகல்விளக்கு:
நீங்கள் காட்டிய ஆய்வு என் பக்கம்தான் சாட்சி சொல்கிறது. உடல் தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருந்த மிச்சத்தை ஓர் எண் பிடுங்கிக்கொண்டது. அது எப்போது நல்ல மிச்சம், எப்போது ஆபத்து என்று அந்த எண்ணுக்குத் தெரியுமா?

தொடுவானம்:
வயதைப் பற்றிய பயம்தான் காரணம். 29, 39, 49 என்று முடியும் வயதில்தான் முதல் மராத்தானுக்கு அதிகம் பேர் வருகிறார்களாம். படித்திருக்கிறேன்.

பனித்துளி:
தொடுவானம், அந்த 2014 கட்டுரையின் தரவுகளை அடுத்த ஆண்டே மறுபடி அலசி, முடிவு நிற்கவில்லை என்று காட்டிவிட்டார்கள். அதன்மேல் வீடு கட்ட வேண்டாம். அகல்விளக்கின் கணவருக்கு 44 வயது வேறு.

உடலியல் கற்பிப்பவன் நான். அகல்விளக்கு கேட்டது சரியான கேள்வி. 2009இல் வெளியான ஒரு சோதனையில், 90 நிமிடம் மூளைக்குக் கடும் வேலை கொடுத்துவிட்டுச் சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். வேலை செய்யாத நாளைவிட முன்னதாகவே கைவிட்டார்கள். இதயமும் தசைகளும் இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இயங்கின. மாறியது, மிதிப்பது எவ்வளவு கடினம் என்று அவர்கள் உணர்ந்த அளவு. ஆகவே 'முடியவில்லை' என்பது பல நேரம் 'போதும்' என்பதன் மறுபெயர். அதை எண்ணால், கூட்டத்தின் கைதட்டலால் தள்ளிப்போடலாம். ஆனால் இது களைப்புக்கு மட்டுமே பொருந்தும். ஓர் இடத்தில் ஊசி குத்துவதுபோல் தொடங்கி, அடி வைக்க வைக்கக் கூடும் வலி களைப்பல்ல. களைப்போடு பேரம் பேசலாம். எலும்போடு பேச முடியாது. உங்கள் கணவர் இரண்டையும் குழப்பிக்கொண்டார் என்பதே என் கருத்து.

போதை என்றீர்கள். ஓடும்போது வரும் பரவசத்துக்கு, உடலே சுரக்கும் வலிநீக்கியான எண்டார்ஃபின்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். 2021இல் அதன் வழியை மருந்தால் அடைத்துவிட்டு ஓடச் சொன்னபோதும் ஓட்டக்காரர்களுக்கு அந்தப் பரவசம் வந்தது. உடலே சுரக்கும், கஞ்சாவில் இருப்பதைப் போன்ற கன்னபினாய்டுகள்மேல்தான் இப்போது சந்தேகம் அதிகம். ஆனால் அது மிதமான ஓட்டத்திலேயே கிடைத்துவிடும். 35ஆவது கிலோமீட்டரில், தசைகள் சேமித்து வைத்த சர்க்கரையான கிளைக்கோஜன் தீர்ந்து கால்கள் கல்லாகும்போது யாரும் பரவசத்தில் இருப்பதில்லை. போதைக்காகத்தான் ஓடுகிறார் என்றால் பத்து கிலோமீட்டரில் நின்றிருப்பார்.

நெடுவழி:
எலும்பு விஷயத்தில் பனித்துளி சொல்வதை ஏற்கிறேன். அந்த வலியோடு அவர் நின்றிருக்க வேண்டும்.

ஆனால் 'வீண் பெருமை' என்ற சொல்லை ஏற்க மாட்டேன். 1966இல் அமெரிக்காவின் பாஸ்டன் மராத்தானில் பாபி கிப் என்ற பெண் புதர்களுக்குள் ஒளிந்திருந்து, ஓட்டம் தொடங்கியபின் கூட்டத்தில் கலந்து முழுத் தூரமும் ஓடினார். பெண்களால் அவ்வளவு தூரம் முடியாது என்று அவரது விண்ணப்பத்தை மறுத்திருந்தார்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மராத்தான் 1984இல்தான் வந்தது. அவர் ஓடியதில் பெருமை இருந்தது. அது வீணா?

என் கதை சிறியது. அப்பா இறந்த ஆண்டு எனக்கு நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. எப்போது எழுந்தேன், எதற்கு எழுந்தேன் என்று தெரியாது. ஒரு தோழி பதினெட்டு வாரப் பயிற்சி அட்டவணையைக் கொண்டுவந்து சுவரில் ஒட்டினாள். செவ்வாய் எட்டு கிலோமீட்டர், ஞாயிறு இருபது. என் வாழ்க்கையில் அந்த ஒரு தாள்தான் ஒழுங்காக இருந்தது. போட்டி நாளில் 33ஆவது கிலோமீட்டரில் வாய்விட்டு அழுதேன். அப்பாவுக்காக அதுவரை நான் அழுததே இல்லை. பதக்கம் எந்த அலமாரியில் இருக்கிறதோ தெரியாது. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பதினெட்டு வாரம்.

கடைசிச்சுற்று:
ஆறு மராத்தான் ஓடிவிட்டு நிறுத்தியவன் நான். 2012இல் போலந்தின் கிராகோவ் நகரில் மராத்தானை முடித்தவர்களிடம் வலி எவ்வளவு என்று அங்கேயே கேட்டார்கள். மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்து அதே ஆட்களிடம் மறுபடி கேட்டபோது, முன்பு சொன்னதைவிடக் குறைவாகவே சொன்னார்கள். அகல்விளக்கு, உங்கள் கணவர் பெயர் கொடுத்தது இந்த மங்கிய நினைவை வைத்துத்தான். ஊன்றுகோல் நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும் அளவு அவருக்கு இருக்காது.

ஆறாவது ஓட்டம் முடிந்த அன்று இரவே இரண்டு பக்கம் எழுதி வைத்தேன். அடுத்த முறை பெயர் கொடுக்கப் போகும் முன் எடுத்துப் படித்தேன். போகவில்லை. வருத்தமும் இல்லை. அவரை எழுதச் சொல்லுங்கள்.

அகல்விளக்கு:
நேற்றிரவு இவை எல்லாவற்றையும் அவரிடம் வாசித்துக் காட்டினேன். நெடுவழி எழுதியதைக் கேட்டபோது எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். அவருடைய அப்பா போய் எட்டு ஆண்டு ஆகிறது. ஓடத் தொடங்கி ஏழு. இதுவரை நான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததே இல்லை.

எனினும் கேட்டேன்: "மறுபடி அதே வலி வந்தால் நிற்பீர்களா?" வெகுநேரம் பதில் இல்லை. பிறகு, "நானாக நிற்க மாட்டேன். நீ 30ஆவது கிலோமீட்டரில் வந்து நின்று, போதும் என்று சொன்னால் நிற்பேன்" என்றார்.

வருகிறேன் என்று நான் இன்னும் சொல்லவில்லை.

நெடுவழி:
போவதானால் 34இல் நில்லுங்கள். 30இல் எல்லோரும் நன்றாகத்தான் தெரிவோம்.