பின்னி மில் இடத்தில் என்ன மிஞ்சவேண்டும்?

பட்டாளத்துக்காரன்:
தாத்தா சென்னைப் பெரம்பூர் பின்னி மில் நெசவுப் பிரிவில் இருந்தவர். மில் சங்கு ஊதினால்தான் எங்கள் தெருவில் அடுப்பு மூட்டுவார்கள் என்பார் பாட்டி. தாத்தாவின் நம்பர் பொறித்த பித்தளை வில்லை இன்னும் எங்கள் சாமி அலமாரியில் கிடக்கிறது, விபூதி ஒட்டியபடி. 1996-இல் மில்லை மூடினார்கள். அப்புறம் பல வருஷம் அங்கே சினிமாச் சண்டைக் காட்சிப் படப்பிடிப்புதான் நடந்தது. இப்போது அடுக்குமாடி. வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் 1918-இல் இந்த மில்காரர்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கமே பிறந்தது. சங்கத் தலைவர்கள் திரு.வி.க.வும் பி.பி. வாடியாவும் பேசிய பேட்டை இது. என் பையனுக்குக் கைகாட்ட ஒரு சுவராவது மிஞ்சவேண்டாமா? மனு போடலாமென்று இருக்கிறேன். என்ன கேட்பது?

தறிநாடா:
மனுவில் வார்த்தையைப் பார்த்துப் போடுங்கள் அண்ணே. பம்பாயில் 1991 விதிப்படி மில் நிலத்தில் ஒரு பங்கு பூங்காவுக்கு, ஒரு பங்கு அரசு வீடுகளுக்கு, மீதிதான் உரிமையாளருக்கு. 2001-இல் 'காலி நிலத்துக்கு மட்டும்' என்று திருத்தினார்கள். மில்லில் காலி நிலம் ஏது, முழுக்க ஷெட்தானே! ஊருக்கு வரவேண்டிய பங்கு சுருங்கிப்போனது. 2006-இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தம் செல்லும் என்றுவிட்டது.

ஓட்டேரி அக்கா:
சுவரை வைத்து மியூசியம் கட்டினால் யார் தம்பி டிக்கெட் வாங்குவார்கள்? மழை வந்தால் 'ஓட்டேரி நல்லா' என்கிற வாய்க்கால் வீட்டுக்குள் வருகிறது. முதலில் வடிகால் கேளுங்கள்.

கட்டடக்காரர்:
அக்கா சொல்வது நியாயம், ஆனால் மியூசியம்தான் வேண்டுமென்று இல்லையே. பழைய மில் ஷெட்களில் ரம்பப்பல் மாதிரி கூரை இருக்கும், கண்ணாடி வடக்குப் பார்த்து. வெயில் அவ்வளவாக விழாது, வெளிச்சம் மட்டும் வரும். கோவையில் அப்படி ஒரு ஷெட்டை அளக்கப் போனபோது, விளக்கே போடாமல் டேப்பில் மில்லிமீட்டர் படித்தோம். நூலகத்துக்கோ தையல் பயிற்சிக்கோ அதைவிட நல்ல கூரை கிடைக்காது. அந்த மாதிரி ஷெட் ஒன்று மிஞ்சியிருந்தாலும் அதைக் கேளுங்கள். பூங்கா கேட்டால், மண்ணைச் சோதிக்கச் சொல்லுங்கள். சாயம் போட்ட இடத்து மண்ணில் என்ன ஊறியிருக்குமோ.

பட்டாளத்துக்காரன்:
நூலகம் நல்ல யோசனை சார். அந்தக் கூரை விஷயத்தை நாலு வரி எழுதித் தாருங்கள், மனுவில் சேர்க்கிறேன். அக்கா, வடிகாலும் உண்டு. கையெழுத்துக்கு ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவுக்கு வருகிறேன்.