புதுப்பிப்பு: நொச்சிப் புகை போட்டுப் பார்த்தேன்

மழை விட்டதிலிருந்து வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் வீட்டில் கொசு தாங்கவில்லை, கொசுவர்த்திச் சுருள் ஏற்றினால் பாப்பாவுக்கு இருமல் வருகிறது, வேறு வழி இருக்கிறதா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பக்கத்து வீட்டு அக்கா நொச்சிக் கொத்து கொடுத்தார். சாயங்காலம் பாப்பாவை மாடிக்கு அனுப்பிவிட்டு, தணலில் இலையைப் போட்டு அரை மணி நேரம் புகை காட்டினேன். அப்புறம் ஜன்னலைத் திறந்து புகை முழுக்கப் போன பிறகே உள்ளே அழைத்தேன். ராத்திரி கடி நன்றாகக் குறைந்தது.

ஆனால் பகலில் கடிப்பது நிற்கவே இல்லை. தேடினால், ஃபிரிட்ஜின் பின்தட்டிலும் துளசித் தொட்டியின் அடித்தட்டிலும் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு நெளிகிறது! டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில்தான் அதிகம் கடிக்கும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் ஞாயிறுதோறும் எல்லாவற்றையும் கொட்டித் தேய்த்துக் கழுவுகிறேன். புகையைவிட இதுதான் முக்கியம்.

சமையல் கேட்டவர்களுக்கு: இன்று இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயில் புளிக்குழம்பு, கூடவே சூடான கேழ்வரகுக் களி. வெளியே மறுபடியும் தூறல்.