டிரம்ஸ் தாமே கற்றவர்கள்: யாரிடம் வாசித்துக் காட்டினீர்கள், என்ன திருத்தம் கிடைத்தது?

முதல் பகிர்வு (கன்னியாகுமரி மாவட்டம்)

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர்த் தேவாலயத்துக்கு ஒரு டிரம்ஸ் செட் வாங்கியபோது, அதை வாசிக்க ஊரில் ஆள் இல்லை. பாடகர் குழுவில் இருந்த என்னை உட்காரச் சொன்னார்கள். யூடியூபில் பார்த்ததையும் காதில் விழுந்த பாடல்களையும் வைத்துக்கொண்டு நானாகவே கற்றேன். மூன்று ஆண்டுகளில் எந்தக் கீர்த்தனை வந்தாலும் நான்கு-நான்கு, ஆறு-எட்டு என்ற தாள அளவுகளில் ஏதாவது ஒன்றில் ஒரு பீட் பிடித்துவிடும் அளவுக்கு வந்திருந்தேன். அந்த மூன்று ஆண்டுகளிலும் எனக்குக் கிடைத்த கருத்துகள் இரண்டே இரண்டுதான். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சிலர் "நல்லா இருந்தது தம்பி" என்பார்கள். முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர்கள் "சத்தம் கொஞ்சம் கூடுதல்" என்பார்கள். இரண்டும் அன்போடு சொல்லப்பட்டவை. ஆனால், மறுநாள் எதைத் திருத்த வேண்டும் என்பது இரண்டிலும் இல்லை.

திருத்தம் என்ற ஒன்று முதன்முதலாக வந்தது, ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த பாஸ் கிட்டார் கலைஞரிடமிருந்து. ஒத்திகை இடைவேளையில் அவர் என்னைத் தனியாக அழைத்து, "நீங்க பீட் வாசிக்கும்போது உங்களோடு சேர்ந்து வர முடியுது. ரோல் போடும்போதெல்லாம் என்னை விட்டுட்டு முன்னால போயிடறீங்க" என்றார். ரோல்தான் (பாட்டின் ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடத்தில் டிரம்களில் வரிசையாக விழும் வேகமான அடிகள்) என் பலம் என்று நான் நம்பிக்கொண்டிருந்ததால், அந்தச் சொல் உறுத்தியது. பத்து நாள் கழித்துத்தான், ஒரு நாற்காலியில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, காதில் மெட்ரோனோமை (சீரான இடைவெளியில் கிளிக் ஒலி எழுப்பும் கருவி) நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை என்ற வேகத்தில் ஓடவிட்டு, நான் வாசித்ததைப் பதிவு செய்து பார்த்தேன்.

80 என்ற வேகத்தில் நான்கு எண்ணிக்கை சரியாக மூன்று விநாடி. அந்த மூன்று விநாடிக்குள் 16 அடிகள் சீராக விழ வேண்டும். வாசிப்பவருக்கு நேர் முன்னால் இருக்கும் ஸ்னேர் டிரம்மில் விழுந்த முதல் நான்கு அடிகள் சரியாகத்தான் இருந்தன. கை அடுத்த டிரம்மான டாமுக்கு நகர்ந்தவுடன் ஓட்டம் எடுத்தது. தரையில் நிற்கும் பெரிய ஃப்ளோர் டாமை முடித்து நான் கிராஷ் என்ற உலோகத் தட்டை அடித்தபோது கிளிக் இன்னும் வந்திருக்கவில்லை. அதே பதிவை ஆடாசிட்டி மென்பொருளில் திறந்து, அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: அடிகள் சம இடைவெளியில் நிற்காமல் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு, குதிரைப் பாய்ச்சல் போல நின்றன. வலக்கை அடித்தவுடன் இடக்கை அவசரமாக விழுந்து, பிறகு வலக்கைக்காகக் காத்திருந்திருக்கிறது. மூன்று ஆண்டுகள் அதே காதால் கேட்டும் எனக்கு இது கேட்டதில்லை. வாசித்துக்கொண்டிருக்கும்போது காது கையின் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது என்பதை அன்று உணர்ந்தேன்.

பதிவை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் இருந்த மிருதங்க ஆசிரியரிடம் போனேன். டிரம்ஸ் பற்றித் தமக்குத் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்ட அவர், இரண்டு முறை கேட்டார், பிறகு, "காலப்பிரமாணம், அதாவது எடுத்த வேகம், நிற்கவில்லை. குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, இந்த இடத்தை வாயால் சொல்லு" என்றார். ஆதி தாளத்தின் முதல் நான்கு எண்ணிக்கையான லகுவை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு, ஓர் எண்ணிக்கைக்கு ஒரு தகதிமி என்று நான்கு முறை சொல்ல வேண்டும். சொன்னேன். மூன்றாவது தகதிமியிலேயே வாய் விரைந்தது. தாளம் போட்ட கையும் அதன் பின்னால் ஓடியது. "மூச்சை எங்கே பிடித்து வைத்திருக்கிறாய்?" என்று அவர் கேட்டபோதுதான், ரோல் தொடங்கும் இடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு அது முடியும்வரை விடாமல் இருக்கும் என் பழக்கம் எனக்கே தெரிய வந்தது. கை ஓடியதற்குக் காரணம் கையில் இல்லை.

அதன்பின் செய்த பயிற்சியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெட்ரோனோமை 50க்கு இறக்கினேன். அந்த வேகத்தில் ஓர் எண்ணிக்கைக்கும் அடுத்ததற்கும் இடையே 1.2 விநாடி கிடக்கிறது; அந்த வெளியில் பொறுமையாக நிற்பது, 120இல் வேகமாக வாசிப்பதைவிடக் கடினம். சொல்லிக்கொண்டே பயிற்சிப் பேடில் அடிப்பது, சீராக வந்தால் மறுநாள் இரண்டு கூட்டுவது, வராவிட்டால் அங்கேயே நிற்பது என்று போய், மீண்டும் 80ஐ அடைய எனக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆயின. பிறகு கிளிக்கை இரண்டாவது, நான்காவது எண்ணிக்கைகளில் மட்டும் ஒலிக்க வைத்தேன். இன்னும் பிறகு, நான்கு எண்ணிக்கை ஒலித்து நான்கு எண்ணிக்கை மௌனமாக இருக்கும்படி வைத்தேன். மௌனத்தைக் கடந்து கிளிக் திரும்பி வரும்போது நாமும் அங்கே இருக்கிறோமா என்று பார்ப்பதுதான், தனியாகக் கற்பவர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள நான் அறிந்த வழிகளில் நேர்மையானது.

இப்போது நான் யாரிடமும் "எப்படி இருந்தது?" என்று கேட்பதில்லை. "இரண்டாவது சரணத்துக்குப் போகும் ரோலில் முன்னால் போகிறேனா?" என்று கேட்கிறேன். கேள்வி இடத்தைச் சுட்டினால் பதிலும் இடத்தைச் சுட்டுகிறது. பாஸ் வாசிப்பவரிடமும் பாடுபவரிடமும் கேட்பது, சக டிரம்மரிடம் கேட்பதைவிட எனக்குப் பயன்பட்டிருக்கிறது. டிரம்மர் என் கையைப் பார்க்கிறார், அவர்களோ என்னை நம்பி நடக்கிறார்கள்.

இரண்டாம் பகிர்வு (திருச்சி)

மேலே எழுதியவருக்கு நன்றி. என் அனுபவம் காதைப் பற்றியதன்று, உடம்பைப் பற்றியது.

நான் இடக்கைப் பழக்கம் உள்ளவள். கல்லூரி இசைக்குழுவில் இருந்த செட் வலக்கைக்காரர்களுக்காக அமைக்கப்பட்டிருந்ததால், அப்படியே உட்கார்ந்து, கைகளைக் குறுக்கே வைத்து வலக்கையால், இடப்பக்கம் இருக்கும் ஹை-ஹாட் என்ற இரட்டை உலோகத் தட்டை வாசிக்கப் பழகினேன். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, முதுகுவலி தாங்க முடியாமல், ஓர் ஆசிரியரிடம் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கட்டணம் செலுத்திச் சென்றேன். நான் ஒரு பாடல் முழுவதும் வாசித்தேன். அவர் என் கைகளைப் பார்க்கவே இல்லை. பக்கவாட்டில் தரையில் அமர்ந்து இருக்கையையும் காலையும் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் இருந்ததால் காலால் வாசிக்கும் பெரிய டிரம்மின் ஒவ்வொரு கிக்கிலும் இடுப்பைத் தூக்கி மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மிதித்த பிறகும் காலைத் தளர்த்தாமல், மிதியோடு இணைந்த சுத்தியலான பீட்டரைத் தோலின் மேலேயே அழுத்தி வைத்திருந்ததால் ஒலி அடைபட்டிருந்தது. இருக்கையை நான்கு விரற்கடை உயர்த்தினார். தொடை இலேசாகக் கீழ்நோக்கிச் சரிந்தது. அடித்த பீட்டர் தானே திரும்பி வந்தது. கிக்கின் அடி ஒலி அறையில் பரவியதை ஐந்து ஆண்டுகளில் அன்றுதான் கேட்டேன்.

பிறகு என் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே காய்த்திருந்தது. குச்சியை நசுக்கிப் பிடித்திருக்கிறேன் என்பதற்கு அதுவே சாட்சி என்றார். குறுக்கே போகாமல் இடக்கையாலேயே ஹை-ஹாட்டை வாசிக்கலாமே என்றும் சொன்னார். வலக்கைக்கு மாறியே ஆக வேண்டும் என்று பலர் சொல்லிக் கேட்டு வளர்ந்த எனக்கு, பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கையால்தான் மிருதங்கம் வாசித்தார் என்பதையும், இடக்கைக்காரரான பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் வலக்கை செட்டில் அமர்ந்துதான் தமக்கே உரிய ரோல்களைக் கண்டடைந்தார் என்பதையும் அவர் நினைவூட்டியது பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தை ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே தேடிப் போயிருக்க வேண்டும் என்று உண்மையாகவே வருந்துகிறேன்.

மூன்றாம் பகிர்வு (சென்னை)

என்னைத் திருத்தியவர் ஓர் ஒலிப்பதிவுப் பொறியாளர். என் முதல் ஒலிப்பதிவில் டைமிங் சரியாக இருந்தும் பாட்டு இரைச்சலாகவே கேட்டது. அவர் மற்ற ஒலிவாங்கிகளை எல்லாம் அணைத்துவிட்டு, ஸ்னேரின் முன் வைத்திருந்ததை மட்டும் ஒலிக்கவிட்டார். ஸ்னேரைக் காட்டிலும் பக்கத்தில் இருந்த ஹை-ஹாட்தான் அதில் உரக்கக் கேட்டது. "இதை நான் எந்தப் பட்டனைத் திருப்பியும் குறைக்க முடியாது, நீங்கள்தான் குறைக்க வேண்டும்" என்றார். மறுமுறை ஹை-ஹாட்டைக் குச்சியின் நுனியால் மெல்லத் தொட்டு, ஸ்னேரை நடுவில் நிறைவாக அடித்து வாசித்தேன். வலக்கை மென்மையாக, இடக்கை அழுத்தமாக என்று இரு கைகளையும் பிரிப்பது தலையில் தட்டிக்கொண்டே வயிற்றைத் தடவுவது போல இருந்தது; நான்காம் முறைதான் வந்தது. அவர் ஸ்னேரை மறுபடியும் தனியாக ஒலிக்கவிட்டு, ஒன்றும் சொல்லாமல், பாடகரை உள்ளே வரச் சொன்னார்.