பக்கத்துச் சூளையில் நடப்பது தெரிந்தும் சும்மா இருக்கலாமா?

எல்லைக்கடை:

எல்லாருக்கும் வணக்கம். ஊர்ப் பெயரைச் சொல்ல முடியாது, கேரளாவில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே செக்போஸ்ட் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். கூப்பிடு தூரத்தில் ஒரு செங்கல் சூளை, ஒடிசாவிலிருந்து வந்த சில குடும்பங்கள் அங்கே கல் அறுக்கிறார்கள். சொந்த ஊரிலேயே மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு வந்தவர்கள், ஆதார் அட்டையெல்லாம் முதலாளி பீரோவில் இருக்கிறது. கையில் காசு தருவதில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய் எதுவானாலும் என் கடையில் வாங்கிக்கொள்வார்கள், நான் பற்று நோட்டில் எழுதுவேன், மாதக் கடைசியில் முதலாளி மொத்தமாகக் கட்டிவிட்டுக் கூலியில் கழித்துக்கொள்வார்.

போன வாரம் ஒரு பையன், பதினெட்டு வயது இருந்தால் அதிகம், சூளைக் கணக்குப்பிள்ளை எழுதிய துண்டுச்சீட்டோடு வந்து என் நோட்டைக் காட்டச் சொன்னான். என் நோட்டில் அவன் குடும்பப் பற்று 2,140 ரூபாய். சீட்டில் 3,900 கழித்திருக்கிறார்கள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. ஒரு தீப்பெட்டி வாங்கினான், அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

முதலாளியைக் கெட்டவர் என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். கோயில் நோம்பிக்கு முதல் வரி அவருடையதுதான், என் தங்கை கல்யாணத்துக்குக் கைமாற்று கொடுத்தவர். நான் யாரையும் அடிக்கவில்லை, ஏமாற்றவும் இல்லை. எனக்கு இதில் கடமை உண்டா? வீட்டில் ‘நமக்கெதுக்கு ஊர் வம்பு’ என்கிறார்கள்.

வெட்டிப்பேச்சு:

வீட்டில் சொல்வதைக் கேளுங்கண்ணா. நீங்கள் புகார் கொடுத்த அன்று ராத்திரியே அந்தக் குடும்பங்களை லாரியில் ஏற்றி வேறு சூளைக்கு அனுப்பிவிடுவார்கள், காலையில் உங்கள் கடைக்கு யாரும் வர மாட்டார்கள், அவ்வளவுதான் நடக்கும். நம் பக்கத்திலேயே பிளாச்சிமடை இருக்கிறதே. 2002-ல் மயிலம்மா முதலான ஆதிவாசிப் பெண்கள், கிணற்றுத் தண்ணீர் போகிறது என்று கோகோ கோலா கம்பெனி வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள், 2004-ல் கம்பெனி நின்றது, உலகமே பாராட்டியது. அப்புறம்? 2010-ல் அரசு அமைத்த குழு 216 கோடி நஷ்டம் என்று கணக்குக் கொடுத்தது, 2011-ல் சட்டசபையில் நஷ்டஈட்டுக்கான தீர்ப்பாய மசோதா நிறைவேறியது, ஜனாதிபதி ஒப்புதல் கிடைக்காமல் படுத்துவிட்டது. அத்தனை பேர் சேர்ந்து நின்றதற்கே இந்தக் கதி. நீங்கள் ஒரே ஆள்.

கொழுந்துக்கூடை:

வெட்டிப்பேச்சு தம்பி பாதியைத்தான் சொல்கிறார். நஷ்டஈடு வராதது அநியாயம்தான், ஆனால் கம்பெனி தண்ணீர் எடுப்பது நின்றதா இல்லையா? அந்தப் பெண்கள் உட்காராமல் இருந்திருந்தால் கிணறு என்ன ஆகியிருக்கும் என்றும் கணக்குப் போட வேண்டும்.

நான் மூணாறுப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியவள். 2015 செப்டம்பரில் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தபோது நாங்கள் பெண்களே ரோட்டில் இறங்கினோம், யூனியன் தலைவர்களைக்கூடக் கிட்டே விடவில்லை. கடைசியில் போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து அந்த 20-ஐ வாங்கினோம். தினக்கூலி 232, நாங்கள் கேட்டது 500, கிடைத்தது 301. கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லைதான்.

ஆனால் இதைக் காட்டி ‘அவர்களே போராடட்டும்’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நாங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தோம், ரேஷன் கார்டு இருந்தது, ஓட்டு இருந்தது, டிவிக்காரர்கள் கேட்டால் மலையாளத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிப் பதில் சொல்லத் தெரிந்தது. அந்த ஒடிசாக்காரர்களிடம் இதில் ஏதாவது ஒன்று இருக்கிறதா? பாஷை இல்லை, அட்டை இல்லை, திரும்பிப் போக பஸ் காசு இல்லை. வாய் இல்லாத இடத்தில்தான் பக்கத்தில் இருப்பவனுக்குக் கடமை கூடும். நம்மைப் ‘பாண்டி’ என்று இளக்காரமாகப் பேசியபோது எவனாவது ஒருத்தன் கேட்க மாட்டானா என்று நாமும் பார்த்தவர்கள்தானே அண்ணா. இன்று உள்ளூர்க்காரர்கள் நாம், வெளியூர்க்காரர்கள் அவர்கள்.

ஒன்று மட்டும், அவர்களைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள். மாட்டிக்கொண்டால் அடி அவர்களுக்குத்தான்.

குமாஸ்தா:

பாலக்காட்டில் ஒரு வக்கீலிடம் வேலை பார்க்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன். கடமை உண்டா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், ஆனால் ‘எனக்கு இதில் சம்பந்தமில்லை’ என்று மட்டும் சொல்ல முடியாது. அவர் கழிப்பதே உங்கள் பற்று நோட்டைச் சாக்காக வைத்துத்தானே!

முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்து வைத்து வேலை வாங்குவது 1976-ல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே, டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமான வழக்கில் சொல்லிவிட்டது. இன்னொரு முக்கியமான விஷயம், அந்தக் கடன் கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி. அந்தப் பையன் எதையும் நிரூபிக்க வேண்டாம்.

போலீசிடம் முதலில் போகாதீர்கள், அவர்கள் சமாதானம் பேசி ரயில் ஏற்றிவிட்டால் கூலியும் போச்சு, விடுதலைச் சான்றிதழும் போச்சு. சான்றிதழ் இருந்தால்தான் மறுவாழ்வு உதவி கேட்க முடியும், அது கலெக்டர், ஆர்.டி.ஓ. தரப்பிலிருந்து வர வேண்டியது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் எழுதிக்கொடுங்கள், இலவசம். உங்கள் பெயர் வெளியே வரக்கூடாது என்பதை அங்கேயே முதலில் பேசிவிடுங்கள். நோட்டை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது, ஆனால் அன்றாடம் ஒழுங்காக எழுதிய கணக்கை சாட்சியமாக எடுத்துக்கொள்வார்கள். எந்தப் பக்கத்தையும் கிழிக்காதீர்கள், திருத்தாதீர்கள், இன்றே எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.

வெட்டிப்பேச்சு:

சரி, பெயர் வெளியே வராது என்று யார் உத்தரவாதம்? அந்த நோட்டு ஊரில் ஒரு கடையில்தான் இருக்கிறது. பார்த்ததுமே முதலாளிக்குத் தெரிந்துவிடாதா?

குமாஸ்தா:

தெரியத்தான் செய்யும். அதை மறைத்துச் சொல்ல நான் தயாரில்லை. அதனால்தான் நோட்டைக் கடைசியில் கொடுக்கச் சொல்வேன், முதலில் அந்தக் குடும்பங்கள் வாக்குமூலம் தரட்டும். அதற்கு முன்னால் கைமாற்று பாக்கி ஏதாவது இருந்தால் தீர்த்துவிடுங்கள், அதைத்தான் முதலில் இழுப்பார்.

எல்லைக்கடை:

கைமாற்று போன வருஷமே முடிந்தது. போட்டோ எடுத்துவிட்டேன். இன்று சாயங்காலம் அந்தப் பையனின் அம்மா எண்ணெய் வாங்க வந்தார், பேசிப் பார்த்தேன், எனக்கு இந்தி நாலு வார்த்தை, அவருக்கும் அவ்வளவுதான். ‘காகஸ்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார், அட்டையைத்தான் கேட்கிறார் என்று நினைக்கிறேன். ஒடியா தெரிந்தவர் இங்கே யாராவது உண்டா? போனில் பேசினால் போதும்.

கொழுந்துக்கூடை:

என் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், கூட வேலை செய்கிற பையன் ஒடிசாக்காரன்தான். ஞாயிற்றுக்கிழமை லீவு, அன்று பேச வைக்கிறேன். தனிச்செய்தியில் நம்பர் அனுப்புங்கள் அண்ணா. இங்கே போட வேண்டாம்.