மறு: சாக்லேட்டும் டெக்கீலாவும் – ‘சுவையிணை’ சரிதானா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

சாக்லேட்டையும், மெக்சிகோ மதுவான டெக்கீலாவையும் சேர்த்துச் சுவைக்கும் முறைக்கு (ஆங்கிலத்தில் pairing) நம் குழுவில் இதுவரை மூன்று தமிழ்ச் சொற்கள் வந்திருக்கின்றன: தொடுகறி, சுவையிணை, இணைசுவை. கடைசியது என்னுடையது. அதை நானே திரும்பப் பெறுகிறேன்.

‘தொடுகறி’ நல்ல பழஞ்சொல்தான். ஆனால் அதில் ஒன்று முதலாளி, மற்றது கையாள். இங்கே இரண்டும் ஒன்றையொன்று மாற்றுகின்றன. 70 விழுக்காடு கொக்கோ உள்ள கறுப்புச் சாக்லேட்டில் ஒரு துண்டை மெல்லாமல் நாக்கில் வையுங்கள். கொக்கோ வெண்ணெய் உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 34 பாகை செல்சியசில் உருகும். அது நாக்கில் படர்ந்ததும் அன்யேஹோ ஒரு மிடறு. ஓக் பீப்பாயில் ஓராண்டாவது கிடந்த டெக்கீலா அது. மரம் தந்த வனிலா மணம் எழும், கசப்பு பின்னுக்குப் போகும். அதே துண்டோடு, பெரும்பாலும் பீப்பாய் வாசமே படாத பிளாங்கோ வகை டெக்கீலாவைக் குடித்தால் கசப்பும் காரமும் முட்டிக்கொள்ளும். பால் சாக்லேட்டுக்கு மாறுங்கள். அதன் கொழுப்பும் இனிப்பும் பிளாங்கோவின் முனையை மழுக்கிவிடும்.

ஆக, சேர்ந்ததையும் சேராததையும் ஒரே வேரிலிருந்து சொல்ல முடிய வேண்டும். ‘சுவையிணை’ அதற்கு உதவாது. அடியிணை, விழியிணை என்று ஒரே அச்சான இரண்டைச் சொல்லிப் பழகிய வாய் நம்முடையது. ‘இணைசுவை’ வினைத்தொகை, இணைந்த, இணைகின்ற, இணையும் என்று முக்காலமும் அதற்குள் அடங்கியதில் மயங்கிவிட்டேன். பிறகு ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “ரெபொசாடோவுக்கு எதை இணைசுவைப்பது?” நாக்கு சுளுக்கிக்கொண்டது.

என் புதிய பரிந்துரை ‘சுவைப்பொருத்தம்’. பொருத்து, பொருந்தும், பொருந்தாச் சுவை என்று குடும்பமே கூட வரும். அன்யேஹோவும் கறுப்புச் சாக்லேட்டும் மணத்தில் ஒத்துப்போவது ஒப்புப்பொருத்தம். பிளாங்கோவும் பால் சாக்லேட்டும் முரண்பொருத்தம். முரண்தொடை படித்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

ரெபொசாடோ, அன்யேஹோ ஆகியவற்றைத் தமிழாக்க வேண்டாம். அவை மெக்சிகோ சட்டம் வரையறுத்த வகைப்பெயர்கள். பீப்பாயில் இரண்டு மாதத்துக்குக் குறையாமல், ஓராண்டு நிறையாமல் இருந்தால் ரெபொசாடோ. டெக்கீலா வடிக்கும் செடியான அகாவேயைக் ‘கற்றாழை’ என்றும் எழுதாதீர்கள். சோற்றுக்கற்றாழையிலிருந்து டெக்கீலா வடிக்கிறார்கள் என்று யாராவது நம்பிவிடுவார்கள்.

---

ஐயா,

‘வாழ்க்கை இணையர்’ என்கிறோமே, அவர்கள் ஒரே அச்சா? எங்கள் வீட்டில் நிச்சயமாக இல்லை. தவிர, பொருத்தம் என்றாலே பொருந்திவிட்டது என்றாகிறதே. மோசமான பொருத்தம் என்று எப்படி எழுதுவது?

---

அம்மா,

முதல் அடி எனக்கு விழுந்தது; ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதற்கு விடை நம் பேச்சிலேயே இருக்கிறது: “பொருத்தம் எப்படி?” என்று கேட்டுத்தானே “பொருத்தமே இல்லை” என்கிறோம்? ஆனால் ‘இணை’யில் எனக்குள்ள பெரிய சிக்கல் வினைச்சொல்தான். “டெக்கீலாவுடன் சாக்லேட்டை இணைத்துள்ளேன்” என்று எழுதினால், இந்தக் குழுவில் பாதிப்பேர் மடலின் அடியில் இணைப்புக் கோப்பைத் தேடுவார்கள்.