ஓவன் இல்லாமல் வீகன் பீட்சா: தோசைக்கல்லில் சரியாக வருமா?

பிடோக் வாசி
வணக்கம். சனிக்கிழமை வரும் விருந்தாளிகள் இருவரும் வீகன். பால், நெய், சீஸ் எதுவும் ஆகாது. வீட்டில் இருப்பது மைதா, இன்ஸ்டன்ட் ஈஸ்ட், தக்காளி, பூண்டு, முந்திரி, ஜவ்வரிசி, காளான். ஓவன் கிடையாது, கேஸ் அடுப்பும் கனமான தோசைக்கல்லும்தான். அடி மொறுமொறுவென்றும் மேலே சீஸ் போல இழுபடும்படியும் செய்ய முடியுமா? அளவோடு சொல்லுங்களேன்.

மாவுக்கை
தாராளமாகச் செய்யலாம். 20 செ.மீ. அகலத்தில் மூன்று பீட்சாவுக்கு மைதா 250 கிராம், தண்ணீர் 155 மி.லி., ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி (3 கிராம்), உப்பு ஒரு தேக்கரண்டி, சர்க்கரை அரைத் தேக்கரண்டி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. தண்ணீரில் 10 மி.லி. நிறுத்திவைத்து, தேவைப்பட்டால் மட்டும் சேருங்கள். சிங்கப்பூர் ஈரக்காற்றில் திறந்த பாக்கெட் மாவு ஏற்கெனவே கொஞ்சம் நமுத்திருக்கும். பத்து நிமிடம் பிசைந்து மூடுங்கள். 30 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரமே போதும். குளிர்நாட்டுக் குறிப்பைப் பார்த்து இரண்டு மணி நேரம் விட்டால் மாவு தளர்ந்து, விரிக்கும்போது கிழியும்.

கல்லை மிதமான தீயில் ஐந்து நிமிடம் காயவிட்டு, எண்ணெய் தடவாமல் போடுங்கள். குமிழ் எழும்பி அடியில் பழுப்புப் புள்ளி விழுந்ததும் திருப்பி, வெந்த பக்கத்தில் சாஸ் தடவுங்கள். இதுதான் முக்கியம்: பச்சை மாவில் தடவினால் ஈரம் இறங்கி நடுப்பகுதி களியாகவே நிற்கும். பிறகு சீஸும் காளானும் பரப்பி, தீயைக் குறைத்து 5 நிமிடம் மூடுங்கள். மூடியில் துணி கட்டினால் நீர் சொட்டாது. துணி முனைகளைக் கைப்பிடிக்கு மேல் முடிந்துவிடுங்கள், தீயருகே தொங்கக்கூடாது.

காரிடார் தோட்டம்
சாஸுக்கு நான்கு தக்காளி, நான்கு பல் பூண்டு. கரண்டியால் கோடு இழுத்தால் மூடிக்கொள்ளாத அளவுக்குச் சுண்டவேண்டும். ஓரிகானோ இல்லையென்றால் தொட்டியில் வளரும் ஓமவல்லி இரண்டு இலை போதும், அந்த வாசனை நன்றாகவே பொருந்தும். அதிகம் போட்டால் கஷாயம்தான். காளானை நீர் வற்றும்வரை தனியே வதக்குங்கள்.

தேக்கா கூடை
சீஸுக்கு முந்திரி 50 கிராமை வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, 150 மி.லி. தண்ணீர், ஒரு பல் பூண்டு, உப்போடு நைசாக அரையுங்கள். ஜவ்வரிசியைப் பொடித்துச் சலித்து ஒன்றரை மேசைக்கரண்டி கலந்து, சிறுதீயில் கிளறிக்கொண்டே இருந்தால் கரண்டியில் நூலாக இழுபடும். சோளமாவு கெட்டியாகும், இழுபடாது. எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்தபின் விடுங்கள். கொதியில் விட்டால் பசை தளரும்.

பிடோக் வாசி
அருமை, நன்றி. ஒருவருக்கு முந்திரி அலர்ஜி என்று இப்போதுதான் தெரிந்தது. வேறு வழி உண்டா?

தேக்கா கூடை
அப்படியானால் அன்றைக்கு முந்திரியையே எடுக்காதீர்கள், மிக்ஸி ஜாரையும் நன்றாகக் கழுவுங்கள். முந்திரிக்கும் அந்தத் தண்ணீருக்கும் பதிலாகக் கெட்டித் தேங்காய்ப்பால் 200 மி.லி., ஜவ்வரிசிப் பொடி இரண்டு மேசைக்கரண்டி, மற்றதெல்லாம் அப்படியே. தளதளவென்று கொதித்தால் எண்ணெய் பிரியும், சிறுதீ போதும். தேங்காய்ப்பால் பொடி வாங்கினால் லேபிளில் சோடியம் கேசினேட் இருக்கிறதா பாருங்கள். அது பாலிலிருந்து எடுப்பது, வீகனுக்கு ஆகாது.