அலுமினியம் அடிச்சா அடுப்புக்கரி குண்டான் மாதிரி வருது: மிக்-21, உதவி வேணும்

சாரல்காத்து (செங்கோட்டை):
வணக்கம். 1/48 அளவு மிக்-21 போர் விமான பிளாஸ்டிக் மாடல் ஒண்ணு கட்டிக்கிட்டிருக்கேன். பச்சை, பழுப்பு எதுவும் இல்லாம வெறும் தகடா மினுங்குமே, அந்த வெள்ளி மிக். 2025 செப்டம்பர் 26 அன்னைக்கு சண்டிகர்ல நம்ம விமானப்படை அதுக்கு விடை குடுத்தாங்கல்ல, அன்னைக்கு ராத்திரியே ஆர்டர் போட்ட பெட்டி.

ஹார்டுவேர் கடையில வாங்குன சாம்பல் பிரைமர் ஸ்பிரேயை அடிப்பூச்சா ரெண்டு கை அடிச்சேன். மறுநாள் ஏர்பிரஷ்ல (பேனா மாதிரி சின்ன ஸ்பிரே கன்) டாமியா எக்ஸ்-1 பளபளப்புக் கறுப்பு. அதுக்கு மேல ஆல்கிளாட் கம்பெனி அலுமினியப் பெயிண்ட். எல்லாமே மொட்டை மாடி தகரக் கொட்டகையில. வெளிய நல்ல சாரல்.

மினுமினுப்பே இல்ல, மங்கல் சாம்பலா நிக்குது. இறக்கையைத் தடவினா சொரசொரங்குது. கறுப்பு அடிச்சப்பவே ஒரு இறக்கை பால் தெளிச்ச மாதிரி வெளுத்துச்சு. வெள்ளி அடிச்சா மறைஞ்சிரும்னு விட்டுட்டேன். விமானத்தோட மூக்குல டேப் ஒட்டி எடுத்தா பிளாஸ்டிக் தெரிய உரிஞ்சு வந்துட்டு. வெள்ளி பாட்டில்தான் கோளாறா? வேற வாங்கணுமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
பாட்டில் மேல பழி போடாதீங்க. அதுக்குள்ள இருக்கறது கண்ணுக்குத் தெரியாத அலுமினியச் செதிலுங்க. அடித்தளம், அதாவது அந்தப் பளபளப்புக் கறுப்பு, கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்தா செதில் எல்லாம் படுத்துக்கும், ஒளியை ஒரே பக்கம் திருப்பும். அடியில சொரசொரப்பு இருந்தா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் சாஞ்சு நிக்கும், அதான் சாம்பல். மத்த கலர் அடியில இருக்கற குத்தத்தை மூடும். இது ஊரைக் கூட்டிக் காட்டும்.

மூணு கேள்வி. பிரைமருக்கு முன்னாடி பாகங்களைச் சோப்புத் தண்ணியில கழுவுனீங்களா? எவ்வளவு பிரஷர்? பிரைமர் டப்பாவை எவ்வளவு தள்ளிப் புடிச்சீங்க?

சாரல்காத்து:
கழுவல. 28 பிஎஸ்ஐ. தள்ளிப் பிடிச்சா வழியாதுன்னு ஒரு முழத்துக்கு மேலயே பிடிச்சேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
மூணும் மாட்டிக்கிச்சுங்க. அச்சுல இருந்து வர்ற எண்ணெய்ப் பசை மேல பிரைமர் ஒட்டாது, மூக்கு உரிஞ்சது அதனாலதான். ஒரு முழம் தாண்டி வர்றதுக்குள்ள துளி காத்துலயே காஞ்சு தூளா வந்து உக்காரும், அதான் சொரசொரப்பு. ஆல்கிளாட்டுக்கு 12, மிஞ்சிப்போனா 15 பிஎஸ்ஐ போதும். கிட்ட வச்சு மெல்லிசா நாலஞ்சு கை விடணும்.

பட்டறை அண்ணாச்சி (தென்காசி):
தம்பி, நான் பொம்மை விமானம் கட்டுறவன் இல்ல, காருக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். எம்மவன் இதைக் காட்டினான். அந்த வெளுப்பை நான் சொல்லுதேன். பெயிண்டைக் கரைக்குற டின்னர் ஆவியாகையில மேல்பரப்பு சில்லுன்னு ஆயிரும். சாரல் காத்துல இருக்க ஈரம் அந்தக் குளிர்ச்சியில இறங்கி, காயாத பெயிண்ட்ல மாட்டிக்கிடும். பட்டறையில ‘பூத்துப்போச்சு’ம்போம். ஆனி, ஆடியில இது எங்களுக்கே தலைவலி. டின்னரோட ரிடார்டர் கொஞ்சம் ஊத்துவோம், மெதுவா காஞ்சு ஈரம் வெளியேறிரும்.

ஆனா எங்க என்.சி. டின்னரை உன் பிளாஸ்டிக்ல காட்டிராத. இறக்கை மெழுகா இளகிரும். கம்பிரசர்ல தண்ணி வடிப்பான் இருக்கா? இல்லைன்னா முதல்ல அதை மாட்டு.

சாரல்காத்து:
வடிப்பான் இருக்கு அண்ணாச்சி, திறந்து பாத்தா கால் கிண்ணம் தண்ணி. ரிடார்டர் மாடலுக்குன்னு தனியா கிடைக்குமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
மாடலுக்குன்னு வர்ற மிஸ்டர் கலர் லெவலிங் டின்னர்லயே ரிடார்டர் கலந்திருக்கு. மிஸ்டர் சர்ஃபேசர் 1500-ங்கற பிரைமரை அதுல கரைச்சு அடிங்க, பிரைமரே வழுவழுப்பா வரும். உங்களுக்கு ஈரம், எங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காத்தும் தூசியும். நான் அடிச்ச உடனே பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவுத்து வச்சிருவேன். நீங்க உள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு போடுங்க. சூடு பண்றேன்னு பல்பைக் கிட்ட வைக்காதீங்க, எனக்கு ஒரு வால் வளைஞ்சே போச்சு.

கம்பத்துப் பய:
அண்ணே, ஒண்ணு மட்டும் ஒத்துக்க மாட்டேன். சாதா அலுமினியத்துக்குக் கறுப்புப் பளபளப்பே வேணாம். குரோம், பாலிஷ் பண்ண அலுமினியம், இதுகளுக்குத்தான் அது கட்டாயம். 2000 நம்பர் வாட்டர் பேப்பர்ல இழைச்ச சாம்பல் பிரைமர் மேலயே நல்லா வருது. நிஜ மிக் என்ன எவர்சில்வர் டம்ளரா? வெயில்ல கிடந்த தகடுதானே. வால்பக்கம் சூட்டுல கறுத்திருக்கும், அங்க மட்டும் ஒரு படி மங்கலான ஷேடு போடுங்க. சாரல்லயே அடிச்சாகணும்னா வல்லேஹோ மெட்டல் கலர் இருக்கு, தண்ணி பெயிண்ட், இப்படிப் பூக்காது. என்ன, டேப்புக்குத்தான் கொஞ்சம் பயப்படணும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
சாம்பல் மேல வரும், இல்லைன்னு சொல்லலீங்க. ஆழம் வராது. ரெண்டு ஸ்பூன்ல ரெண்டையும் அடிச்சுப் பாத்துட்டு இவரே முடிவு பண்ணட்டும். தம்பி, டேப்பை ஒட்டறதுக்கு முன்னாடி உங்க கையில நாலு தடவை ஒட்டி எடுங்க, பசை குறையும்.

சாரல்காத்து (ஒன்பது நாள் கழிச்சு):
வலது இறக்கையை 1500, அப்புறம் 2000 வாட்டர் பேப்பர்ல தண்ணி தொட்டு இழைச்சேன். ரிவெட் ஒரு வரிசை போச்சு, போகட்டும். சோப்புத் தண்ணியில கழுவி, சர்ஃபேசர், கறுப்பு. டப்பாவுக்குள்ள ரெண்டு நாள். மூக்கை வச்சு மோந்து பாத்தேன், பெயிண்ட் வாடை சுத்தமா இல்ல. அப்புறம்தான் 13 பிஎஸ்ஐ-ல ஆல்கிளாட். டியூப்லைட்டோட கோடு இறக்கையில தெரியுது! இடது இறக்கை இன்னும் பழைய குண்டான்தான். விமான மூக்குல பெயிண்டை முழுசா உரிச்சுட்டேன், வெயில் அடிக்கிற மதியத்துக்குக் காத்திருக்கேன். ஸ்பூன் ரெண்டையும் அம்மா எடுத்துட்டுப் போயிட்டாங்க, அதனால கம்பத்து அண்ணனுக்கு முடிவு இப்போதைக்குச் சொல்ல முடியல.